சுமையின்றிக் கடக்கவும்

எழுத்தை எப்படித் திருத்துவது என்று சொல்லித் தரும்படி உங்களில் சிலர் கேட்டீர்கள். அலுவலகங்களில் அறிவிப்பும் சுற்றறிக்கையும் எழுதும் வேலைக்கு நீங்கள் இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். நான் அதே வேலையை முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே எனக்குத் தெரிந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். ஆனால் வேலையில் சேர்ந்த நாளில் எனக்கு இருந்த தெளிவு இன்று என்னிடம் இல்லை. நல்ல தமிழ் எது என்று அன்று யாராவது கேட்டிருந்தால் மூச்சு விடாமல் சொல்லியிருப்பேன். இன்று கேட்டால் விழிப்பேன். அந்தத் தெளிவு எப்படிப் போயிற்று என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும். உங்களுக்கு அது உதவுமோ உதவாதோ.

ஐம்பதுகள் முடியும் சமயம். அரசு அலுவலகங்களில் தமிழில்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்திருந்த புதிது. என் அப்பா பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார். நான் பள்ளி இறுதித் தேர்வும் தட்டச்சும் முடித்துவிட்டுக் கொடைக்கானலில், மலைச்சாலையைப் பராமரிக்கும் அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தேன். செண்பகனூரில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். சேர்ந்த சில வாரங்களிலேயே என் மேசைக்கு ஒரு வேலை வந்தது. மலைச்சாலை நெடுக இங்கிலீஷில் இருந்த எச்சரிக்கைப் பலகைகளை எல்லாம் தமிழாக்க வேண்டும்.

எனக்கு மேலே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தலைமை எழுத்தர். தமிழ் என்றால் உருகிவிடுவார். ஒரு வாக்கியம் மூன்று வரியாவது ஓடாவிட்டால் அதை வாக்கியம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். இன்னொருவர் பொறியாளர். படிப்பெல்லாம் இங்கிலீஷில் முடித்தவர். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். இங்கிலீஷில் எத்தனை சொல் உண்டோ தமிழிலும் அத்தனைதான் இருக்க வேண்டும் என்பார். காலையில் தலைமை எழுத்தர் நீட்டச் சொன்னதை மாலையில் பொறியாளர் வெட்டச் சொல்வார். இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் சொல்லும்போது சரியாகவே படும். அதுதான் என் கஷ்டம்.

முதலில் நடந்த கூத்தைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் தார்ச்சாலையின் ஓர மண் இளகிவிடும். சக்கரம் அதில் இறங்கினால் வண்டி பள்ளத்தைப் பார்த்துச் சாயும். அந்த ஓரத்தை இங்கிலீஷில் 'ஷோல்டர்' என்பார்களாம். எனக்கு அது தெரியாது. அகராதியைப் பார்த்தேன், தோள் என்று இருந்தது. 'சாஃப்ட் ஷோல்டர்' என்ற பலகைக்கு 'மென்தோள், எச்சரிக்கை' என்று எழுதினேன். தலைமை எழுத்தர் கண்ணை மூடி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "மென்தோள்... அருமையா வந்திருக்கும்மா," என்றார். பொறியாளர் சொற்களை மட்டும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பலகை ஏறிய அன்றிலிருந்து அந்த வளைவில் ஒவ்வொரு பேருந்திலும் சிரிப்புச் சத்தம். யாரோ வந்து கரித்துண்டால் பலகையின் ஓரத்தில் வளையல் போட்ட ஒரு பெண்ணையும் வரைந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

பொறியாளர் என்னை ஜீப்பில் அந்த இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். திட்டவில்லை. சாலையின் ஓரத்தைக் காட்டி, "அங்க காலை வையம்மா," என்றார். வைத்தேன். கணுக்கால் வரை புதைந்தது. காலை இழுத்தேன், செருப்பு சேற்றோடு நின்றுவிட்டது. "இதுதான் ஷோல்டர்," என்றார்.

திரும்பி வந்து, 'ஓர மண் இளகல். ஓரம் இறங்காதே' என்று எழுதினேன். எழுதும்போது கால் இன்னும் சில்லிட்டிருந்தது. இனி யாரும் குறை சொல்ல முடியாது என்றே நினைத்தேன். தலைமை எழுத்தருக்கு முகம் சிவந்துவிட்டது. "இறங்காதேன்னா? அரசாங்கம் ஜனங்களை நீ, வா, போன்னு பேசலாமா? 'ஓரத்தில் இறங்குதல் தவிர்க்கப்பட வேண்டும்'னு எழுதும்மா." பொறியாளர் அதைப் பார்த்துவிட்டுப் பலகையில் இடம் பற்றாது என்றார். கடைசியில் 'ஓர மண் இளகல்' என்பது மட்டும் பலகைக்குப் போயிற்று. என்ன செய்ய வேண்டும் என்கிற பாதி அலுவலகத்திலேயே தங்கிவிட்டது.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் எனக்கு ஒரு வழி தேவைப்பட்டது. படித்தால் தெளியும் என்று நினைத்தேன். வேலை முடிந்ததும் ஊரில் இருந்த வாசகசாலைக்குப் போவேன். அங்கே கிடைத்ததை எல்லாம் படித்தேன். பழைய காவியங்கள், மிஷன்காரர்கள் அச்சடித்த பிரசங்கங்கள், தொடர்கதைகள், சந்தையில் விற்கும் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள், சினிமா நோட்டீசுகள், இருமல் மருந்துப் பாட்டிலோடு வரும் துண்டுக் காகிதம் வரை. தெளிவதற்குப் பதிலாக ஒவ்வொரு வாரமும் என் தமிழ் வேறு ஆளின் தமிழாக மாறிக்கொண்டே இருந்தது. காவியம் படித்த வாரம் விடுப்புக் கடிதத்திலேயே எதுகை வந்து விழும். பிரசங்கம் படித்த வாரம் லாரி ஓட்டுநர்களைப் பார்த்து மனந்திரும்பச் சொல்வதுபோல எழுதுவேன். சினிமா நோட்டீசு படித்த வாரம், 'வருகிறது! வருகிறது! வளைவு வருகிறது!' என்று ஒரு பலகைக்கு எழுதியே விட்டேன். நல்லவேளை, காகிதத்தைக் கிழித்தும் விட்டேன். என் நடை எது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கென்று ஒன்று உண்டா என்பதும் சந்தேகமாக இருந்தது.

இந்த நிலையில்தான் அந்த ஐப்பசி மழை பிடித்தது.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் பெருமாள்மலைப் பக்கமிருந்து ஓர் ஆள் தொப்பலாக நனைந்து அலுவலகத்துக்கு வந்தான். கீழே ஊத்து என்ற ஊருக்கும் பெருமாள்மலைக்கும் நடுவே சாலை வேலை பார்க்கும் மேஸ்திரி சொல்லியனுப்பியதாக ஒரு செய்தி சொன்னான். "கல்வெட்டு சாஞ்சிருச்சாம்."

தலைமை எழுத்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கல்வெட்டா? எந்த ராசா காலத்துக் கல்வெட்டு? நம்ம ரோட்டுல கல்வெட்டு இருக்கிறதா எனக்குத் தகவலே இல்லையே! இதை யாருக்கு எழுதணும்?"

அந்த ஆள் என்னைப் பார்த்தான். நானும் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு தலைமை எழுத்தரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து பொறியாளர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. சாலைக்கு அடியில் ஓடைத் தண்ணீர் போகக் கட்டும் சின்னப் பாலத்தை இங்கிலீஷில் 'கல்வெர்ட்' என்பார்கள். மேஸ்திரியின் வாயில் அது கல்வெட்டாகிவிட்டது.

"நீயும் வாம்மா. போர்டு எழுதணும்," என்றார். "இங்கே உக்காந்து எழுதினா மறுபடியும் தோளுன்னு எழுதுவே."

போய்ப் பார்த்தோம். ஓடை செம்மண் நிறத்தில் பொங்கிக்கொண்டு போயிற்று. பாலத்தைத் தாங்கும் கல்சுவர் ஒரு பக்கம் வயிறு தள்ளி நின்றது. சாலையின் மேலே கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. பொறியாளர் சேற்றில் குப்புறப் படுத்து அடியில் எட்டிப் பார்த்தார். எழுந்தபோது கோட்டெல்லாம் சேறு.

"காலி பஸ் தாங்கும். ஆள் ஏறின பஸ் தாங்குமான்னு சொல்ல முடியல. லாரி கூடவே கூடாது."

"ரோட்டையே அடைச்சிரலாமேங்க," என்றார் மேஸ்திரி.

"அடைச்சா மேலே அரிசி கிடையாது. ஆஸ்பத்திரிக்கு யாரும் வர முடியாது." பொறியாளர் சிகரெட் பெட்டியைக் கிழித்து, பின்பக்கத்தில் இங்கிலீஷில் மூன்று வரி எழுதி என்னிடம் கொடுத்தார். "இதையே தமிழ்ல போடு. ஒரு சொல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். நான் போய் முட்டுக் கொடுக்க மரம் ஏத்திட்டு வந்துடறேன். ஜீப்புல இடம் இருக்காது, நீ இங்கேயே இரு."

நான் எழுதியது இது: 'பாலம் பழுது. கனரக வண்டிகளுக்குத் தடை. பேருந்துகள் சுமையின்றிக் கடக்கவும்.' பொறியாளர் எழுத்துக்கூட்டி வாசித்து, எண்ணிப் பார்த்து, தலையசைத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். தலைமை எழுத்தர் பார்த்திருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பார். 'இறங்காதே' போன்ற சொல் எதுவும் அதில் இல்லை. மேஸ்திரி இரண்டு தகரத்தில் தாரால் அதை எழுதிப் பாலத்தின் இரண்டு பக்கமும் நட்டார். நான் கீழ்ப்பக்கத்தில் இருந்த வேலையாட்களின் கொட்டகைச் சாய்ப்பில் ஒதுங்கி நின்றேன். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது.

வத்தலக்குண்டிலிருந்து மேலே வரும் பேருந்து வந்து நின்றது. நடத்துநர் இறங்கிப் பலகையைச் சத்தமாகவே வாசித்தார். ஓட்டுநரிடம் ஏதோ சொன்னார். உடனே நாலைந்து ஆண்கள் வண்டியின் கூரைமேல் ஏறினார்கள். அரிசி மூட்டைகள் இறங்கின. வாழைத்தார்கள் இறங்கின. ஆயக்குடிக் கொய்யாக் கூடைகள் ஒவ்வொன்றாகக் கை மாறி இறங்கின. மழையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதிய ஒரு வரிக்கு ஒரு பேருந்தே கட்டுப்பட்டு வேலை செய்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

கூரை காலியானதும் ஆண்கள் எல்லோரும் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வண்டிக்குள் ஏறிக்கொண்டார்கள். கதவைச் சாத்தினார்கள். வண்டி உறுமிப் புறப்பட்டது.

என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவே சிறிது நேரமாயிற்று. புரிந்ததும் குடையைப் போட்டுவிட்டு ஓடிச் சாலையின் நடுவே நின்றேன். பிரேக் சத்தம் மலையில் மோதித் திரும்பியது.

"என்னம்மா, விழுந்து சாக எங்க வண்டிதான் கெடைச்சுதா?" என்று ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"ஆளுங்க எல்லாம் இறங்கணும்!"

நடத்துநர் இறங்கி வந்தார். கொடைக்கானலில் குடை வைத்திருக்கும் பெண் என்றால் பள்ளிக்கூடத்து ஆசிரியையாகத்தான் இருப்பாள் என்று அவருக்கு எண்ணம். "டீச்சரம்மா, போர்டுல போட்டபடிதானே செஞ்சிருக்கோம்? சுமையில்லாமப் போகச் சொல்லியிருக்கு. நல்லாப் பாருங்க, ஒரு கொய்யாக் கூடை மேல கெடக்கா?"

"சுமைன்னா ஆளும் சேர்த்துத்தாங்க."

வண்டிக்குள்ளிருந்து ஒரு பெரியவர் சன்னலைத் தூக்கினார். "யாரு சுமை? டிக்கெட் எடுத்துல்ல வாரோம்!"

 அவர் சொன்னதில் என்ன தப்பு? பொறியாளரின் இங்கிலீஷில் 'லோட்' என்றால் ஆளும் அடக்கம். தமிழில் சுமை என்றால் தலையில் தூக்குவது, வண்டியில் ஏற்றுவது. டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருக்கும் மனிதனை யார் சுமை என்பார்கள்? ஓட்டுநர் அதற்குள் இறங்கிப் பாலத்தின் விளிம்புக்குப் போய் வெடிப்பையும் சுவரையும் பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. "எல்லாரும் எறங்குங்க. வெரசா."

இறங்கினார்கள். நடக்கத் தொடங்கினார்கள். கூட்டம் பாலத்தின் நடுவே போய்க்கொண்டிருக்கும்போதே ஓட்டுநர் வண்டியை மெல்ல அவர்கள் பின்னாலேயே உருட்டினார். ஆளும் வண்டியும் ஒரே நேரத்தில் பாலத்தின் மேல். நான் மறுபடியும் கத்தினேன். வண்டி பின்வாங்கியது. ஆட்கள் கடந்த பிறகு காலி வண்டி போயிற்று. அது நடுவில் போகும்போது சுவரிலிருந்து ஒரு கல் பெயர்ந்து ஓடையில் விழுந்தது.  வண்டி கரையேறிய பிறகுதான் யாரோ முருகா என்றார்கள்.

மூட்டைகளை ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு அக்கரைக்குப் போய்வந்தார்கள். எனக்கு மேல்பக்கத்துத் தகரத்தின் நினைவு வந்தது. அங்கேயும் அதே வரிதான் நின்றது. மேலிருந்து இறங்கும் பேருந்து வரும் நேரம் அது. என்னால் ஒரு பக்கம்தான் நிற்க முடியும். கத்தினாலும் பனியில் எவ்வளவு தூரம் கேட்கும்?

வேறு தகரம் இல்லை. கொட்டகைக்கு இரட்டைக் கதவு இருந்தது. மேஸ்திரி இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டுத் தார் டப்பாவும் எழுதுகிற மட்டையுமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தாரை அழிக்க முடியாது. திருத்துவது எல்லாம் வாயிலேயே நடக்க வேண்டும்.

நடத்துநரைக் கூப்பிட்டேன். "நான் ஒண்ணு சொல்றேன். கேட்டுட்டு நீங்க திருப்பிச் சொல்லுங்க." மனதுக்குள் கட்டிவைத்ததைச் சொன்னேன்: "பயணிகள் இறங்கிப் பாலத்தை நடந்து கடந்த பின்னர்ப் பேருந்து காலியாகக் கடக்கவும்."

நடத்துநர் ஆரம்பித்தார். "பயணிகள் எறங்கி... பாலத்த நடந்து... பின்னால பேருந்து... வண்டிக்குப் பின்னால நடக்கணுமா?"

அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. இன்று பார்த்தாலும் இல்லை. ஆனால் அதை வாசித்து முடிப்பதற்குள் வண்டி பாலத்தின் மேல் இருக்கும்.

"சொல்லுங்கம்மா, தாரு எறுகுது," என்றார் மேஸ்திரி.

மேலே எங்கோ வளைவில் ஒரு ஹாரன் கேட்டது. தலைமை எழுத்தரின் சிவந்த முகம் கண்முன் வந்தது. ஒரு சொல் கூடவோ குறையவோ வேண்டாம் என்று பொறியாளர் சொன்னது காதில் ஒலித்தது. அத்தனை மாதம் படித்த அத்தனை புத்தகத்திலும் இந்த இடத்துக்கு ஒரு வரி இல்லையா என்று மனம் தடவிக்கொண்டே இருந்தது. அப்போது வாய் தானாகச் சொன்னது: "எல்லாரும் இறங்கு. ஆள் முதலில். வண்டி பிறகு."

நடத்துநர் யோசிக்காமல் திருப்பினார். "எல்லாரும் எறங்கு. ஆள் மொதல்ல. வண்டி பெறகு."

ஒரு சொல் சிந்தவில்லை.

அது எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு எத்தனையோ நாள் தேடியிருக்கிறேன். காவியத்திலா, பெரிய எழுத்துக் கதையிலா, மருந்துப் பாட்டிலிலா? எல்லாவற்றையும் திரும்பப் படித்தும் கிடைக்கவில்லை. நிறையப் படியுங்கள் என்று உங்களுக்குச் சொல்கிறேன். ஆனால் படித்தது எப்போது, எந்த வழியாக உதவிக்கு வரும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

மேஸ்திரி மட்டையைத் தூக்கியவர் தயங்கினார். "'இறங்கு'ன்னேவா போடச் சொல்றீங்க? மரியாதையில்லாம இருக்கேம்மா. ஆபீசருங்கல்லாம் போற ரோடு."

"போடுங்க," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "மேலே பெரிசா 'நில்'னு போடுங்க. கடைசியில 'லாரி போகாதே.'"

முதல் கதவை அவரும் நடத்துநரும் தூக்கிக்கொண்டு அக்கரைக்கு ஓடிச் சாலையின் நடுவிலேயே கல்லைக் கொடுத்து நிறுத்தினார்கள். நான் இக்கரையில் நின்று பார்த்தேன். பனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள் வந்தன. நின்றன. யாரும் கத்தி விளக்க வேண்டியிருக்கவில்லை. சற்று நேரத்தில் ஒரு குடை விரிந்தது. இன்னொரு குடை. தலையில் முக்காடு போட்ட பெண்கள். வரிசையாக நடந்து வந்தார்கள். கடைசி ஆள் இந்தப் பக்கம் கால் வைத்த பிறகுதான் விளக்குகள் அசைந்தன.

அதன் பிறகு பொறியாளரின் ஜீப் மரங்களோடு மேலிருந்து வந்தது. அதுவும் கதவின் முன்னால் நின்றது. பொறியாளர் இறங்கினார். மழையில் நின்றபடி எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு பாலத்தை நடந்தே கடந்து என் முன்னால் வந்து நின்றார். அவர் பின்னால் ஜீப்பை அதன் ஓட்டுநர் ஓட்டிவந்தார். அதற்குள் நன்றாக நனைந்துவிட்டிருந்தார்.

"இது நான் எழுதிக் கொடுத்தது இல்லையே?" என்றார்.

"இல்லைங்க சார்."

"இது பஸ்ஸுக்கு. ஜீப்புக்கு இறங்க வேண்டியதில்ல. ஜீப்பை இந்தப் பாலம் தாங்கும்னு சொன்னவனே நான்தான்." கோட்டுக் காலரிலிருந்து தண்ணீரை வழித்தார். "நான் எதுக்கு இறங்கினேன்?"

"தெரியலைங்க சார்."

மூட்டை இறக்கிய கதையைச் சொன்னேன். அவர் சிகரெட் பெட்டித் துண்டை என்னிடமிருந்து வாங்கித் திரும்பத் திரும்பப் படித்தார். "இங்கிலீஷ்ல சரியாத்தானே இருக்கு?"

"சரியாத்தான் சார் இருக்கு. தமிழ்லயும் சரியாத்தான் இருந்துச்சு."

அவர் முட்டுக் கொடுக்கும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கதவுகளை எடுக்கச் சொல்லவும் இல்லை, இருக்கட்டும் என்று சொல்லவும் இல்லை.

பிற்பகலில் கீழிருந்து இன்னொரு பேருந்து வந்தது. வேறு ஓட்டுநர், வேறு நடத்துநர். நடத்துநர் இக்கரையில் நிறுத்தியிருந்த இரண்டாவது கதவைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிச் சத்தம் போட்டார். "எல்லாரும் எறங்கு. ஆள் மொதல்ல. வண்டி பெறகு." ஓட்டுநர் தலையைச் சொறிந்துகொண்டே என்னிடம் கேட்டார். "எல்லாரும்னா நானுமாங்க? அப்ப வண்டிய யாரு ஓட்டுறது?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கண்ணில் சிரிப்பு இல்லை. என்னாலும் சிரிக்க முடியவில்லை. அந்த ஒரு ஆளுக்கு என் வாக்கியத்தில் இடம் இல்லைதான்.

எல்லோரும் இறங்கிவிட்டார்கள், ஒருத்தியைத் தவிர. பண்ணைக்காட்டுப் பக்கம் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் இளம்பெண். ஊத்தில் ஏறியிருக்கிறாள். மடியில் கைக்குழந்தை.

"புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கும்மா. ஆசுபத்திரிக்குக் கொண்டுட்டுப் போறேன். நனைஞ்சா தாங்காது. நான் எறங்க மாட்டேன்."

பொறியாளர் பாலத்தடியிலிருந்தே சொன்னார். "அம்மாவும் குழந்தையும் என்ன கனம் இருக்கப்போறாங்க? இருக்கட்டும் விடு."

கீழே நின்ற ஒருவர் உடனே, "அப்ப எங்க அய்யாவுக்கும் முட்டுவலிங்க, அவரும் இருக்கட்டும்," என்றார். இன்னொரு குரல் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. நடத்துநர் கதவைக் காட்டி என்னைப் பார்த்தார். "எல்லாரும்னு போட்டிருக்கேம்மா?"

கனத்தை மட்டும் பார்த்தால் பொறியாளர் சொன்னது சரி. ஆனால் பாலம் போனால் வண்டிக்குள் யார் இருந்தாலும் போவார்கள். 'எல்லாரும்' என்று எழுதும்போது நான் இதையெல்லாம் நினைத்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன். எழுதிவிட்டேன். அந்தச் சொல் இப்போது ஒரு குழந்தையை மழையில் இறக்கச் சொன்னது. அதை எழுதிய நான் எதிரில் நின்றேன். விட்டுவிடலாமா, கூடாதா? இன்று நீங்கள் கேட்டாலும் எனக்கு உறுதியில்லை.

"இறங்கும்மா," என்றேன்.

என் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் குழந்தையைச் சுற்றினேன். மேஸ்திரி தலையில் போட்டிருந்த சாக்குக் கொங்காணியை அவள் தலையில் போட்டார். குடையை அவள்மேல் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். குழந்தை இருமியது. அந்தச் சின்ன உடம்புக்குள்ளிருந்து அவ்வளவு பெரிய சத்தம் எப்படி வந்ததோ. அவள் வழியெல்லாம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அக்கரையில் வண்டி வந்து நின்றதும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கம்பளியைக் கழற்றித் தர வந்தவளிடம் வேண்டாம் என்று சைகை காட்டினேன்.

பாலம் விழவில்லை. மரம் கொடுத்துத் தாங்கி, மழை முடிந்ததும் புதிதாகக் கட்டினார்கள். முட்டுக் கொடுக்காமல் விட்டிருந்தால் விழுந்திருக்குமா, ஆளோடு வண்டி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றெல்லாம் யாராலும் சொல்ல முடியவில்லை.

மறுநாளே தலைமை எழுத்தர் விளக்கம் கேட்டு எழுதினார். அனுமதி இன்றி வாசகத்தை மாற்றியது ஒரு குற்றம்; பொதுமக்களை ஒருமையில் விளித்தது அதைவிடப் பெரிய குற்றம். பொறியாளர் அதன் ஓரத்தில் இங்கிலீஷில், 'பலகை அப்படியே இருக்கட்டும்' என்று எழுதினார். அதற்குக் கீழேயே, 'எழுத்தர் இனி உத்தரவுப்படி நடக்க வேண்டும்' என்றும் எழுதினார். அது பாராட்டா கண்டிப்பா என்று தலைமை எழுத்தர் என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இருவருமாகச் சிறிது நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த இருமல் மட்டும் என் காதை விட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். எந்த முகத்தோடு போய் நிற்பது என்று வாசலில் வெகுநேரம் நின்றேன். குழந்தைகள் இருக்கும் கூடத்தின் கடைசிக் கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள். குழந்தை என் கம்பளிச் சட்டையின் பொத்தானை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டதாம். ஒரு நாள் கழித்துக் கொண்டுவந்திருந்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னாராம்.

"ஒங்க சட்டைய அலசி வச்சிருந்தேன்மா. குளுருக்குத் திரும்பப் போட்டுட்டேன்," என்றாள். கோபம் எதுவும் தெரியவில்லை. கேட்பதா வேண்டாமா என்று தயங்கியபடி கேட்டாள். "அந்தக் கதவுல என்னமோ எழுதியிருந்துச்சே, என்னம்மா அது? எனக்கு வாசிக்கத் தெரியாது. எல்லாரும் அதப் பாத்துட்டுப் பாத்துட்டு எறங்கினாங்க."

சொன்னேன். "எல்லாரும் இறங்கு. ஆள் முதலில். வண்டி பிறகு."

அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். "இல்லம்மா, அது கண்டக்டரு சொன்னது. நான்தான் கேட்டேனே. கதவுல என்ன எழுதியிருந்துச்சு?"

"அதேதான்."

"அதேவா?" என்றாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டாள்.

அதை எழுதியவள் நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். எழுத்து என்றால் தனக்குப் புரியாத ஏதோ ஒன்று என்றுதான் அதுநாள் வரை அவளுக்குத் தெரியும்.